குரல்கள் உலரும் கொட்டகை

...இல்லை, கடலடியில் போகிற பெரிய சுரங்கப்பாதைக்குள் நுழைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், உள்ளே போய்விட்டால் ஒரே இரைச்சல், மீன் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதில் அக்காவுக்கு வலது காது வேறு மந்தம், நான் உட்கார்ந்திருப்பதோ அந்தப் பக்கம், கத்திச் சொல்கிற விஷயமா இது, அக்கா உன்னிடமிருந்து திருடிவிட்டேன் என்று கடலுக்கடியில் போய்க் கத்துவதா, சரி, அந்தப் பெட்ரோல் பங்க் தாண்டியதும் ஆரம்பிக்கலாம், இல்லை, அந்தத் தேவாலயம் வந்ததும்... தேவாலயமும் போய்விட்டது. அக்கா மார்யுன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்க, மழையைத் திட்டிக்கொண்டே ஓட்டுகிறாள். எனக்கு ஓட்டத் தெரியாது. நாற்பத்தாறு வயதாகிறது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார், நாவல் வேறு எழுதிவிட்டேன், கார் மட்டும் ஓட்டத் தெரியாது, எங்கே போவதென்றாலும் அக்காதான். இன்று சாயங்காலம் எங்கள் ஃபாரோ தீவுகளின் தலைநகர் டோர்ஷவ்னில் எனக்கு வாசிப்புக் கூட்டம். கோபன்ஹேகனிலிருந்து ஒரு பதிப்பாளர் வருகிறார், என் நாவலை டேனிஷில் கொண்டுவரலாமா என்று பார்க்க. அதற்காக அக்கா ருபார்ப் தண்டு ஜாம் வைத்து ஒரு கேக் செய்து பின் சீட்டில் வைத்திருக்கிறாள், அது வளைவுக்கு வளைவு சறுக்குகிறது, யாருக்குக் கேக் என்று கேட்டதற்கு, வெளியூர்க்காரர் வர்றாரு, வெறுங்கையோடயா போறது என்றாள். என் மடியில் பை. பைக்குள் என் நாவல். அதற்கு அடியில் இன்னொரு புத்தகம், பழையது, அட்டை பிய்ந்தது, டேனிஷ், அதை எடுத்து அவள் கையில் கொடுத்து விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றுதான் கொண்டுவந்தேன், வீட்டு வாசலிலிருந்து இதுவரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருகிறேனே தவிர வாய் திறக்கவில்லை.

'உப்புக் கோட்டையின் பிள்ளைகள்'. அதுதான் அந்தப் பழைய புத்தகத்தின் பேர். மாதம் ஒரு முறை தபால் படகில் நூலகப் பெட்டி வரும், திறந்தால் எல்லாம் டேனிஷ், நம் ஃபாரோப் பேச்சில் ஒன்றோ இரண்டோ, அதுவும் சாமி கதை. எனக்கு ஆறு வயது, டேனிஷில் ஒரு எழுத்து தெரியாது, அக்காவுக்குப் பன்னிரண்டு, பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்திருந்தாள். அப்பா கிரீன்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில், அம்மா தொழிற்சாலையில் சாயங்கால ஷிப்ட், நாங்கள் இரண்டு பேரும் சமையலறை பெஞ்சில் ஒரே போர்வைக்குள். அவள் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நம் பேச்சில் சொல்லுவாள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், கண்ணில் டேனிஷ், வாயில் நம் மொழி. கண் முதலில் ஒரு வரியை ஓடி முடிக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். நடுவில் கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது, உதடு லேசாகப் பிரிந்து நிற்கும். நான் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை, படம்கூடப் பார்க்க மாட்டேன், அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், வா, வா, அடுத்தது வா என்று. சில வரிக்கு அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகும், நான் பொறுக்காமல் இடுப்பில் குத்துவேன், இருடா, கஷ்டமான எடம் இது என்பாள். இப்போது தெரிகிறது அது என்ன கஷ்டம் என்று... அப்போது எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே தெரியுமா?

அந்தக் கொட்டகை. கடலின் அடியில் உப்புக் கோட்டை, அதன் பின்கட்டில் ஒரு கொட்டகை, பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு அடித்தது, உள்ளே ஆட்டுத்தொடைகள் தொங்க வேண்டிய கொக்கிகளில் குரல்கள் தொங்கும், கடலில் போன ஆண்களின் குரல்கள், காற்றில் உலர்ந்துகொண்டிருக்கும், கடலடியில் காற்று ஏது என்று நான் கேட்டதற்கு அந்தக் கொட்டகைக்கு மட்டும் உண்டு என்றாள். கதையில் வரும் சிறுமி ஒவ்வொரு குரலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவாள், ஒன்று தும்மும், ஒன்று பாடும், ஒன்று பெண்டாட்டியைத் திட்டும், கடைசிக் கொக்கி வரைக்கும் போய்ப் பார்ப்பாள், அவளுடைய அப்பாவின் குரல் மட்டும் அங்கே இருக்காது. இல்லையென்றால் அப்பா உயிரோடு இருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் எத்தனை நாள் அதையே மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன், கப்பலிலிருந்து தகவல் இல்லை, ரேடியோவில் வானிலை சொல்லும்போது அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள், நான் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கடைசிக் கொக்கியையும் பார்த்தாளா, நல்லாப் பார்த்தாளா என்று கேட்பேன். அப்பா வசந்தத்தில் வந்து சேர்ந்தார், தாடியோடு, ஒன்றுமே நடக்காததுபோல உருளைக்கிழங்கு வேகவில்லை என்று சண்டை போட்டார். பெட்டி படகில் திரும்பிப் போனது. அந்தப் புத்தகம் அப்புறம் வரவே இல்லை. அக்காவும் படிக்க டோர்ஷவ்ன் போய்விட்டாள், பெட்டி மாதாமாதம் வந்தது, சொல்ல வாய் இல்லை. புரியாத எழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நானாகச் சொல்லிப் பார்த்தேன், அப்படித்தான் ஆரம்பித்தது, டிராகனும் பனிப்பூதமும் பறக்கும் படகும், எல்லாம் அந்தப் பசியில் எழுதியது, பசிக்கு நானே சமைத்துக்கொண்டேன். என்ன எழுதினாலும் கடைசியில் அந்தக் கொட்டகைக்குத்தான் வந்து நின்றேன், நாற்பது வயதுக்கு மேல் ஒரு நாவல் எழுதினால் அதன் நட்டநடுவிலும் அதுதான். படித்தவர்கள் எல்லோரும் அந்த அத்தியாயத்தைத்தான் சொல்கிறார்கள், ஃபாரோ மண்ணிலிருந்து மட்டுமே வரக்கூடிய கற்பனை என்று பத்திரிகையில் எழுதினார்கள், நான் டென்மார்க்காரி ஒருத்தியிடமிருந்து சுட்டது என்று நினைத்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

அதுவே வெட்கக்கேடு, அதோடு விட்டேனா? ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்டார்கள், அந்தக் கொட்டகை உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று. சின்ன வயதில் அக்கா ஒரு புத்தகம் வாசித்துக் காட்டினாள் என்று ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். மலைப்பக்கம் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று வந்தது என்றேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, யோசிப்பதுபோல ஒரு இடைவெளி விட்டு... தூ. வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது, எவனாவது டென்மார்க்கில் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தால்? கோபன்ஹேகனில் ஒரு பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்து வரவழைத்தேன். தபால் வந்ததும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றபடியே படித்தேன். கோட்டை வந்தது, பிள்ளைகள் இறங்கினார்கள், பொய்முடி வைத்த கிழவர் ஒருவர் வரவேற்றார், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து மர்சிபான் என்கிற பாதாம் மிட்டாய் சாப்பிட்டார்கள், பெரியவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டியது பற்றி மூன்று பக்கத்துக்கு ஒரு பிரசங்கம், வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அவ்வளவுதான் புத்தகம். கொட்டகை இல்லை, கொக்கி இல்லை, குரல் இல்லை. நான் என்ன செய்தேன்? குதித்தேன். நிஜமாகவே அந்தச் சமையலறையில் சின்னப் பையன்போலக் குதித்தேன், யாருடையதும் இல்லை, என்னுடையதுதான், என் மண்டையில் முளைத்ததுதான் என்று ஒரு ஷ்னாப்ஸ் ஊற்றிக் குடித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு, கொல்லைக் கொட்டகையில் போய் உலர்ந்த ஆட்டுத்தொடை ஒன்று எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பினாள். உள்ளே போனேன், இருட்டு, பலகை இடுக்கில் காற்று, தலைக்கு மேல் வரிசையாகத் தொடைகள், கையை நீட்டி ஒன்றைத் தொட்டேன். தொட்டதும் காதில் கேட்டது. அக்காவின் பன்னிரண்டு வயதுக் குரல். கடைசிக் கொக்கியையும் பார்த்தாடா, நல்லாவே பார்த்தா, அங்கயும் இல்ல, நீ தூங்கு. டென்மார்க்கில் ஆப்பிள் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து எழுதிய அம்மாளுக்கு ஆட்டிறைச்சி உலர்த்தும் கொட்டகையைப் பற்றி என்ன தெரியும்? இது ஏன் எனக்கு இத்தனை வருஷம் உறைக்கவில்லை? எவ்வளவு நேரம் நின்றேனோ, அக்காவே வந்துவிட்டாள், என்னடா, செத்த ஆட்டோட என்ன பேச்சு என்றாள். அன்றே சொல்லியிருக்கலாம். சாப்பாட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன், காபியில் சொல்லலாம் என்று நினைத்தேன், அப்புறம் டென்மார்க் பதிப்பாளரிடமிருந்து போன் வந்தது, கூட்டம் முடியட்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதுகூடக் காரணமில்லை. அது என்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஆசையாக இருந்தது. அது ஒன்றுதான் இருக்கிறது என் நாவலில், அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, மழையும் மூடுபனியும்தான்.

சுரங்கம் வந்துவிட்டது, மழைச் சத்தம் நின்றது, இரைச்சல் ஆரம்பித்தது, காது அடைத்துக்கொண்டது, கீழே கீழே கீழே போகிறோம், தலைக்கு மேல் கடல். இனி அந்தப் பக்கம் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று நிம்மதியாக இருந்தது, ஆமாம், நிம்மதி, என்ன பிறவி நான்... ஆனால் அவள்தான் ஆரம்பித்தாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அடைத்த காதுக்காரர்கள் பேசுகிற உரத்த குரலில்.

"ஹானுஸ், ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுக்கா."

"இன்னிக்கு அந்தக் கொட்டகை எடத்த வாசிக்காதே. வேற எதையாவது வாசி. அந்தக் கெழவி ஆடு மேய்க்கிற எடம் நல்லாத்தானே இருக்கு."

ஏன் என்று கேட்டேன்.

"ஏனா? வர்றது டென்மார்க்காரரு. உன் வயசுதான் இருக்கும். சின்னதுல அவரும் அதப் படிச்சிருந்தா? எழுந்து நின்னு, இது எங்க ஊர்ப் புத்தகத்துல வர்றதாச்சேன்னு கேட்டா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவே?"

சுரங்கத்துக்குள்ளேயே வழிகள் பிரிகிற கடலடி ரவுண்டானா வந்தது, நீல வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது, டோர்ஷவ்ன் வழியை விட்டுவிட்டு அவள் பாட்டுக்குச் சுற்றினாள், பேசி முடிக்கவில்லை அல்லவா. உன் புத்தகம் வந்த அன்னிக்கே தெரியும் எனக்கு, என்றாள். படிச்சதும் திக்குனு ஆச்சு. எய்யுன்கிட்டகூடச் சொல்லல, புருஷன்கிட்ட மறைச்சு வச்ச ஒரே விஷயம் இதுதான் பாத்துக்க. சின்னப் பையனா கேட்டது, மனசுல ஒட்டிக்கிச்சு, தெரியாம எழுதிட்டான்னு நெனச்சுக்கிட்டேன். இரண்டாவது சுற்று. ரேடியோ வரைக்கும்தான்டா அப்படி நெனச்சேன். மலைல நடக்கும்போது வந்துச்சுன்னியே. மீன் வெட்டற எடத்துல அத்தன பேரும் கேட்டுக்கிட்டிருந்தோம், பிர்னா சொல்றா, உன் தம்பிக்கு நடந்தா கதை வருதாம், எனக்கு முட்டிவலிதான் வருதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என்ன பண்றது, சிரிச்சேன். பின் சீட்டில் கேக் சறுக்கிக் கதவில் போய் முட்டியது. ஒரு வருஷமாக எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் ஒரு டென்மார்க்காரியிடம் திருடினேன் என்று நம்பிக்கொண்டு, என் வெட்கத்தை அவள் பட்டுக்கொண்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் தெரியாததுபோல இறைச்சி பரிமாறிக்கொண்டு... சொல்லு, இப்போதே சொல்லு, இதைவிட ஒரு சந்தர்ப்பம் வராது. அவளிடமிருந்து எடுத்தேன் என்று சொன்னால்தான் அந்த அம்மாளிடமிருந்து எடுக்கவில்லை என்பதை நிரூபிக்க முடியும். ஒரு திருட்டிலிருந்து வெளியே வர இன்னொரு திருட்டுக்குள் நுழைய வேண்டும். வாயைத் திறந்தேன், முதல் பாதி வந்தது.

"அது அந்தப் புத்தகத்துலயே இல்லக்கா."

"போடா. வாசிச்சவ நானு. எனக்குத் தெரியாதா?"

"நெஜமாத்தான். புத்தகம் கைல இருக்கு. தேடிப் பார்த்தேன், இல்ல."

இரண்டாவது பாதி, அதை நீதான் சொன்னாய் என்கிற மூன்று வார்த்தை, அதைச் சொல்லவில்லை. அவள் முகம் மாறியது, கோபம்கூட இல்லை, இன்னொரு பொய்யா என்கிற சலிப்பு, கை மட்டும் ஸ்டீயரிங்கைத் திருப்பியது, டோர்ஷவ்ன் வழிக்குள் நுழைந்தோம், மேலே மேலே ஏறினோம். வெளியே வந்தால் மழை விட்டிருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, கையை நீட்டினாள்.

"குடு அதை. நான் காட்டறேன் எங்க இருக்குன்னு."

கொடுத்தேன். பிய்ந்த அட்டையைக் கண்டதும் ஒரு நொடி அவள் முகம் இளகியது, பெருவிரலால் தடவினாள், இதேதான் என்றாள், கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள், இறங்கிப்போய் நசுங்கிய கேக்கை எடுத்தாள். உள்ளே கூட்டத்தை நடத்துகிற ரன்வா ஓடிவந்து கை குலுக்கினாள், பதிப்பாளர் சிவந்த மூக்கோடு நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், அக்காவின் கேக்கைப் பார்த்து ஆஹா என்றார், அக்கா அவரை ஒரு போலீஸ்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முன்வரிசையில் உட்கார்ந்தாள். சாதாரணமாக எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பின்னல் ஊசியை எடுத்துவிடுவாள், இன்று புத்தகத்தை எடுத்தாள். ரன்வா மேடையில், இன்று ஹானுஸ் நமக்கு வாசிக்கப் போவது அந்தக் கொட்டகை அத்தியாயம்தான், வேறென்ன என்றதும் கை தட்டினார்கள். கிழவி ஆடு மேய்க்கிற இடம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததற்கு ஏதாவது நல்ல காரணம் இருந்ததா, அவள் கேட்கட்டும், கேட்டுப் புரிந்துகொள்ளட்டும், நான் வாய்விட்டுச் சொல்லாமலே தெரிந்துகொள்ளட்டும் என்றா, இல்லை, கைதட்டல் பிடித்திருந்ததா? இரண்டும் இருந்திருக்கும். வாசிக்க ஆரம்பித்தேன்.

பலகை இடுக்கில் காற்று வருகிறது, தும்முகிற குரல் தும்முகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், பதிப்பாளருக்குப் பக்கத்தில் ஒருத்தி காதில் டேனிஷில் சொல்லிக்கொண்டு போகிறாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார், எழுந்து நிற்கவில்லை, இது எங்கள் ஊர்க் கதை என்று சொல்லவில்லை. நான் வரிக்கு வரி தலையைத் தூக்கி அக்காவைப் பார்க்கிறேன். முதலில் வேகவேகமாகப் புரட்டினாள், இதோ வந்துவிடும் என்று. பொய்முடிக் கிழவரைத் தாண்டியிருப்பாள். மர்சிபானைத் தாண்டியிருப்பாள். பெண்டாட்டியைத் திட்டுகிற குரலை நான் வாசிக்கும்போது அவள் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டாள், நெற்றியைச் சுருக்கினாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி நடுவுக்கு வந்து, விரலை வைத்து, வரி வரியாக இறங்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நான் கடைசிக் கொக்கிக்கு வந்தேன். அப்பாவின் குரல் அங்கே இல்லை என்று வாசித்தேன். அவள் விரல் நின்றுவிட்டது.

கை தட்டினார்கள், நெடுநேரம் தட்டினார்கள், எனக்குக் காது இரண்டும் சுரங்கத்தில் அடைத்ததுபோல அடைத்துக்கொண்டன. ரன்வா மைக்கை என் பக்கம் நீட்டினாள், பதிப்பாளர் ஒன்றே ஒன்று கேட்க ஆசைப்படுகிறார், இந்தக் கொட்டகை உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது என்றாள். அதே கேள்வி. பதில் மலைப்பக்கம் இல்லை, என் எதிரில் முன்வரிசையில் இருக்கிறது, மடியில் ஒரு பழைய புத்தகத்தோடு, கேக் மாவு ஒட்டிய கோட்டோடு. அக்கா மெல்லத் தலையைத் தூக்கினாள். அவள் கண் என்னைப் பார்த்ததா, என்னைத் தாண்டி அந்தப் பழைய சமையலறை பெஞ்சைப் பார்த்ததா, தெரியவில்லை, உதடு லேசாகப் பிரிந்து நின்றது, ஒன்றும் வரவில்லை, அதே இடைவெளி, கஷ்டமான இடம். மண்டபம் முழுக்க எனக்காகக் காத்திருந்தது, பதில் சொல்ல வேண்டியவன் நான்தான், அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனாலும் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.